நொய்யலை ஐந்து மார்க்குக்குள் அடைக்காதீர்கள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குத் தொழில்முனைவுப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் திருப்பூரில் இருபத்திரண்டு மெஷின் போட்டு ஒரு பவர் டேபிள் யூனிட் நடத்துகிறேன். பனியன் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் பீஸைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். என் மகள் பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின ராத்திரி அவளுடைய தொழில்முனைவுப் பாடக் குறிப்பை வாங்கிப் புரட்டினேன். தொழில்முனைவோரின் பண்புகள் என்று ஒன்பது பக்கம் இருந்தது. துணிச்சல், தன்னம்பிக்கை, விடாமுயற்சி, தலைமைப் பண்பு என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ‘சூழல் காரணிகள்’ என்று அரைப் பக்கம். அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், சட்டம். மொத்தம் ஆறு சொல்.

“இது அஞ்சு மார்க் கேள்விதாம்மா. ஆறையும் வரிசையா எழுதுனா போதும்” என்றாள்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த ஆறு சொல்லில் ஒவ்வொன்றும் எங்கள் குடும்பத்தில் யாரையோ தூக்கிவிட்டிருக்கிறது, யாரையோ படுக்கவைத்திருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

எங்கள் அப்பாருக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, அவிநாசிப் பக்கம் நாலு ஏக்கர், ஒரு கிணறு. எங்கள் சீமை மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்களுக்குக் காற்றை மட்டும் அனுப்பி வைக்கும். ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு வாய்க்கால் தண்ணீர் தானாக வரும். எங்களுக்குப் பாறையை உடைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினால்தான் தண்ணீர். எவ்வளவு தோண்டுவது, யாரிடம் கடன் வாங்குவது, பருத்தி போடுவதா சோளம் போடுவதா, கிணறு பொய்த்துவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு வருடமும் கணக்குப் போட்டாக வேண்டும். முதலீடு, ஆபத்து, வட்டி என்று நீங்கள் புத்தகத்தில் அச்சடிப்பதை அவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து படித்தார்.

கோயம்புத்தூரில் பம்பு செட் தொழில் முளைத்ததற்கு இந்தக் கிணறுகளே காரணம். ஆழத்திலிருந்து தண்ணீர் இறைக்க வேண்டிய உழவர்கள் சுற்றிலும் இருந்தார்கள், பருத்தி விளையும் கரிசல் பக்கத்திலேயே இருந்தது, 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் நீலகிரி மலையிலிருந்து இறங்கி வந்தது. மில்லும் மோட்டாரும் ஃபவுண்டரியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளர்ந்தன. சிவகாசியில் இதே வறட்சி வேறு விதமாக வேலை செய்தது. விவசாயத்தை நம்ப முடியாத பூமி, ஈரமில்லாத காற்று. ஐயா நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அவர்கள் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே இருவர் அதே துணிச்சலோடு அடைமழை ஊரில் போய் உட்கார்ந்திருந்தால் குச்சி காய்ந்திருக்காது. அந்தக் காய்ந்த காற்றே பின்னால் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் தோதாக இருந்தது.

எங்கள் அப்பா எழுபதுகளில் திருப்பூருக்கு வந்தார். பனியன் கம்பெனியில் வேலை, பிறகு மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு சாயப்பட்டறை. 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்கிற வணிகர் வெள்ளை டி-சர்ட் வாங்க வந்தார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். ஏற்றுமதி பிடித்துக்கொண்டதும் கலர் துணிக்கு ஆர்டர் குவிந்தது. அப்பாவின் பட்டறை இரண்டு ஷிப்ட் ஓடியது. அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் வங்கதேசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பூரில் எந்த ரேட் பேசினாலும் எதிர்த் தரப்பில் “டாக்கா ரேட் தெரியுமுங்களா?” என்று கேட்பார்கள். அந்த நாடு எப்படி இதில் இறங்கியது என்பதை உங்கள் பாடம் சொல்வதில்லை.

1974-ல் பணக்கார நாடுகள் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வரலாம் என்று கோட்டா வைத்து ஒப்பந்தம் போட்டன. தென் கொரியாவுக்குக் கோட்டா இடித்தது. அங்கிருந்த தேவூ நிறுவனம், கோட்டா இடிக்காத நாடு ஒன்றைத் தேடி வங்கதேசத்துக்கு வந்தது. சிட்டகாங்கில் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கிய நூருல் காதர் ஓர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. தையல் தொழிலில் அனுபவம் கிடையாது. அவரும் தேவூவும் சேர்ந்து 1979-ல் 130 பேரைக் கொரியாவின் பூசானுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கட்டிங், லைன் பிரிப்பது, தரம் பார்ப்பது, வெளிநாட்டு வாங்குநரிடம் பேசுவது எல்லாம் அங்கே கற்றார்கள். 1987-க்குள் அந்த 130 பேரில் 115 பேர் தேஷை விட்டு வெளியேறியிருந்தார்கள். சிலர் சொந்தக் கம்பெனி வைத்தார்கள், சிலர் புதிதாக முளைத்த கம்பெனிகளில் போய்ச் சேர்ந்து தொழிலைப் பரப்பினார்கள்.

130 பேருக்கும் ஒரே விமானத்தில் துணிச்சல் ஏற்றி அனுப்பவில்லை. அவர்கள் ஊரில் காத்திருந்த ஏற்பாடு வேறு. ஏற்றுமதி ஆர்டருக்கு வந்த எல்.சி.யை, அதாவது பணம் வரும் என்று வாங்குநரின் வங்கி தரும் உறுதிக் கடிதத்தைக் காட்டினால், அதை ஈடாக வைத்து வங்கி துணி இறக்குமதிக்கு இன்னொரு எல்.சி. திறந்துகொடுத்தது. கையில் முதல் இல்லாதவரும் துணி வாங்க முடிந்தது. இறக்குமதித் துணியைத் தீர்வை கட்டாமல் பூட்டிய கிடங்கில் வைத்துத் தைத்து அனுப்ப அனுமதி இருந்தது. இந்த இரண்டு காகிதங்கள் இல்லையென்றால் பூசானில் படித்த 115 பேரும் நல்ல சூப்பர்வைசர்களாகவே ஓய்வு பெற்றிருப்பார்கள்.

நான் தொழில் தொடங்கியபோது என் கையில் எட்டு சிங்கர் மெஷின், நாலு ஓவர்லாக். மெஷினை ஈடு வைத்தால் கடன் தருவார்களா என்று ஒரு வங்கியில் கேட்டேன். நிலப் பத்திரம் கொண்டு வாங்க என்றார்கள். பத்திரம் அப்பா பெயரில், அப்பாவுக்கு அப்போது கடன். கடைசியில் நகையை வைத்தேன். என் தன்னம்பிக்கைக்கு அன்றைக்கு ஒரு குறையும் இல்லை, அதை வாங்கி வைத்துக்கொண்டு பணம் கொடுக்கும் கவுன்டர்தான் எங்கும் இல்லை.

அதே வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளிகள் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டும் மறுநாள் வேலைக்கு ஏற்றப்பட்டவர்கள். தொழில்முனைவருக்குக் கடனும் கிடங்கும் கொடுத்த நாடு, கட்டடத்தைச் சோதிக்கும் ஆளை வலுவாக வைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பாடத்தில் வையுங்கள் என்று கேட்கிறேன். ஏற்றுமதி எத்தனை மடங்கு வளர்ந்தது என்ற வரைபடத்தை மட்டும் மாணவருக்குக் காட்டாதீர்கள்.

பெரு நாட்டில் 1980களில் நடந்த ஒரு சோதனையையும் சொல்லிக்கொடுங்கள். பொருளியலாளர் எர்னாண்டோ தெ சோத்தோவின் குழு, தலைநகர் லிமாவில் ஒரு சின்னத் தையல் யூனிட்டைச் சட்டப்படி பதிவு செய்து பார்த்தது. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் அலைந்து, 289 நாள் ஆனது. ஆன செலவு மாதக் குறைந்தபட்சக் கூலியைப் போல் 31 மடங்கு. லிமாவில் அன்றைக்குப் பதிவே இல்லாமல் தெருவில் கடை போட்ட லட்சக்கணக்கானவர்களுக்குத் தைரியம் குறைவென்றோ சட்டத்தின் மேல் மரியாதை இல்லையென்றோ யார் சொல்ல முடியும்? பதிவு இல்லாததால் கடன் இல்லை, கடன் இல்லாததால் யூனிட் வளரவில்லை. என் யூனிட்டைப் போன்ற ஒரு தையல் யூனிட்டின் கதை அது என்பதால் என்னால் மறக்க முடியவில்லை.

இஸ்ரேலுக்கு வருகிறேன். உங்கள் பாடக் குறிப்பில் இரண்டு இடத்தில் வருகிறது: பாலைவனத்தைச் சோலையாக்கிய மன உறுதி என்று. சொட்டுநீர்க் கருவியை உருவாக்கியவர் சிம்கா பிளாஸ் என்ற நீர்ப் பொறியாளர். கசியும் குழாய் ஒன்றின் அருகே மற்ற மரங்களைவிடப் பெரிதாக வளர்ந்திருந்த மரத்தைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்தது. நெகேவ் பாலையில் இருந்த ஹட்செரிம் என்ற கூட்டுப் பண்ணையோடு சேர்ந்து 1965-ல் நெட்டாஃபிம் தொடங்கியது. இது வரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். 1959-லேயே அந்த நாடு நிலத்தடி நீர் உட்பட எல்லாத் தண்ணீரையும் பொதுச் சொத்தாக்கிச் சட்டம் போட்டது, பண்ணைக்கு வரும் தண்ணீரை மீட்டர் வைத்து அளந்தது. அதைச் சொல்வாரில்லை. அளந்து கொடுக்கும் தண்ணீரில் ஒவ்வொரு சொட்டையும் மிச்சம் பிடித்தால் பண்ணைக்குப் பயன். அந்தக் கருவிக்குச் சந்தை அப்படித்தான் உண்டானது.

எங்கள் ஊரில் கிணறு அவரவர் சொத்து. 1990-லிருந்து பம்பு செட்டுக்கு மின்சாரம் இலவசம். அதை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். பெருமாநல்லூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்த உழவர்கள் அங்கேதான் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இலவச மின்சாரத்துக்குப் பின்னால் அந்த ரத்தம் இருக்கிறது. நான் சொல்ல வருவது, ஒரே குழாய் நெகேவில் தானாக விற்கும், எங்கள் தோட்டத்துக்கு மானியத்தோடு வந்தால்தான் ஏறும் என்பதே. இரண்டு உழவர்களும் புத்திசாலிகள். இருவருக்கும் முன்னால் இருக்கும் கணக்கு வேறு. இதை விளக்காமல் ‘இஸ்ரேலைப் பார்’ என்றால், கேட்கும் பிள்ளை தன் அப்பனைச் சோம்பேறி என்று நினைத்துக்கொள்ளும்.

இனி அப்பாவின் பட்டறை.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். லிட்டருக்குப் பல பத்து கிராம் போட வேண்டியிருக்கும், அழுத்தமான கலருக்கு இன்னும் கூடும். உப்பு துணியில் தங்காது. சாயத்தை உள்ளே தள்ளிவிட்டு, தான் முழுக்கத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அந்தத் தண்ணீர் எங்கள் பட்டறையிலிருந்து சாக்கடைக்கு, சாக்கடையிலிருந்து நொய்யல் ஆற்றுக்கு. தொண்ணூறுகளில் முதலில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பு போட்டு நிறத்தை எடுத்தன, உப்பு அப்படியே போனது. தண்ணீர் தெளிந்திருந்ததால் நாங்கள் சுத்தம் என்று நம்பினோம்.

என் தாய்மாமன் தோட்டம் கீழே, ஒரத்துப்பாளையம் பக்கம். 1992-ல் நொய்யலில் அங்கே அணை கட்டி முடித்தார்கள். பாசனத்துக்குக் கட்டிய அணை எங்கள் சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. கடைசியில் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று உழவர்களே கேட்கும்படி ஆயிற்று. ஓர் அணையைப் பற்றி உழவன் இப்படிக் கேட்பது எவ்வளவு பெரிய துயரம் என்று எண்ணிப் பாருங்கள். மாமன் தோட்டத்தில் தென்னை குரும்பை உதிர்த்தது. மஞ்சள் போட்டுப் பார்த்தார், வரவில்லை. மாடு கிணற்றுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு விலகிக்கொள்ளும்.

ஒரு தைப் பொங்கலுக்கு மாமன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அப்பா மெதுவாகச் சொன்னார்: “நான் யாருக்கும் கெடுதல் பண்ணோணும்னு பண்ணலைங்க மச்சான்.”

மாமன் கோபப்படவில்லை. “தெரியுமுங்க மச்சான். உங்க துணியெல்லாம் கப்பலேறிப் போயிருச்சுங்க. உப்பு மட்டும் எங்கிட்ட நின்னு போச்சுங்க” என்றார்.

அப்பா எந்தப் பண்பில் குறைந்தவர்? துணிச்சல் இருந்தது, விடாமுயற்சி இருந்தது, முப்பது பேருக்குச் சம்பளம் கொடுத்தார். உங்கள் ஒன்பது பக்கத்தை வைத்து மார்க் போட்டால் நூற்றுக்கு நூறு வாங்குவார். அவருக்குக் கற்றுக்கொடுக்கப்படாதது, ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் அவர் உப்பு என்ன செய்கிறது என்பது மட்டும்தான். அந்தப் பாடத்தை நீதிமன்றம் நடத்தியது. நொய்யல் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டு உழவர்களின் வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்று கெடு வைத்தது. கெடுக்கள் தாண்டிப் போயின. 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அப்பாவுடையதும் அதில் ஒன்று. அது மறுபடி திறக்கவே இல்லை.

அந்த வருடம் ஊர் இருந்த இருப்பை என்னால் எழுதிக் காட்ட முடியாது. துணியைச் சாயமேற்ற லாரியில் வெளி மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். வாடகை வீடுகள் காலியாகின. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சவ்வூடு வடிகட்டி, கொதிகலன், உப்பை மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறை எல்லாம் இங்கேயே தட்டுத் தடுமாறிக் கற்றார்கள். இன்றைக்குத் தண்ணீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் திரும்ப எடுக்கிறார்கள். உலகத்தில் வேறு பின்னலாடை ஊர்கள் திருப்பூரிடம் கற்க வேண்டிய வேலை இது. நான் இதைச் சொல்லும்போது பெருமையாகத்தான் சொல்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் ஆற்றைக் கெடுத்தார்கள். அந்தக் குற்றத்தைத் திருத்தும் தொழிலையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். ஆனால் சட்டம் வந்து கழுத்தைப் பிடித்த பிறகே கண்டுபிடித்தார்கள். இருபது வருடம் முன்னால் யாராவது அளந்து காட்டியிருந்தால் மாமன் தோட்டமும் அப்பாவின் பட்டறையும் தப்பியிருக்கலாம்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 2012 வாக்கில் மின்வெட்டு எங்களை வதைத்தது. நாளில் பாதிக்கு மேல் கரன்ட் இல்லை, டீசல் ஜெனரேட்டர் லாபத்தைக் குடித்தது. ஆனால் அப்பாருக்கு மழையைத் தராமல் காற்றை மட்டும் அனுப்பிய அதே பாலக்காட்டுக் கணவாயின் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பனியன் கம்பெனிகள் பல அதில் பணம் போட்டு வைத்திருந்தன. அந்தக் காலத்தில் அவை தாக்குப்பிடிக்க அது கை கொடுத்தது. எங்களைப் போன்ற பவர் டேபிள்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. சூழல் ஒன்றுதான், அதை யார் தொட முடிகிறது என்பது முதலைப் பொறுத்தது. இதையும் மாணவர் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது என் யூனிட்டில் பாதி மெஷின் உறை போட்டுக் கிடந்தது. அந்த வாரம் என் விடாமுயற்சி எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை என்பது ஓர் ஆறுதல்.

நான் கேட்பது இதுதான். அந்த ஒன்பது பக்கத்தை இரண்டாகக் குறையுங்கள். அந்த அரைப் பக்கத்தை ஒரு செமஸ்டராக்குங்கள். அதைக் கரும்பலகையில் நடத்தாமல் ஊரில் நடத்துங்கள். சிவகாசிப் பிள்ளை ஏன் இங்கே தீப்பெட்டி என்று கேட்டு எழுதட்டும். தூத்துக்குடிப் பிள்ளை உப்பளத்துக்குப் போகட்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகள் பாலாற்றங்கரையில் நின்று தோல் தொழிலின் இரண்டு பக்கத்தையும் பார்க்கட்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, கரன்ட் எத்தனை மணி நேரம், லைசென்சுக்கு எத்தனை நாள், ஈடில்லாதவருக்கு யார் கடன் தருகிறார்கள், வட்டி என்ன, கழிவு யார் தலையில் விழுகிறது என்று ஒவ்வொரு மாணவரும் தன் மாவட்டத்துக்குக் கணக்கெடுக்கட்டும். எண் இல்லாத பதிலுக்கு மார்க் போடாதீர்கள்.

பிற நாட்டைச் சொல்லும்போது அந்த நாட்டின் சட்டத்தையும் தண்ணீரையும் வங்கியையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெற்றி பெற்ற முதலாளியைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுகிறீர்கள், கூப்பிடுங்கள். அதே மேடையில் ஆயக்கட்டு உழவர் ஒருவருக்கும் நாற்காலி போடுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். உப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூடிய பட்டறையின் உரிமையாளர்களையும் கூப்பிடுங்கள். எங்கள் அப்பா இப்போது எழுபத்தாறு வயதில் வீட்டில்தான் இருக்கிறார். ஒரு கல்லூரியும் அவரை இதுவரை அழைத்ததில்லை. அழைத்தால் வருவார், மறைக்காமல் பேசுவார்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கு முன்னால் குழுவினர் ஒரு நாள் திருப்பூருக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு யூனிட் லீவு. காலையில் சாயப்பட்டறை ஒன்றையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் பார்க்கலாம், மத்தியானம் ஒரத்துப்பாளையம் போகலாம். மாமன் வீட்டில் சாப்பாடு. வரும்போது தண்ணீரின் உப்பளவு பார்க்கும் மீட்டர் ஒன்று எடுத்து வாருங்கள், கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கிணற்றில் வாளி விட்டுத் தண்ணீர் எடுத்துத் தருகிறேன். நீங்களே அளந்து பாருங்கள்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு பவர் டேபிள் யூனிட்காரி